டர்போவும் பின் அச்சுப் பல்விகிதமும்

மோட்டார் வண்டியின் ஆற்றலைப் பெருக்க விரும்புவோர் பெரும்பாலும் இரண்டு பொருள்களை நாடுகின்றனர். ஒன்று, பொறிக்குள் செல்லும் காற்றை அமுக்கிச் செலுத்தும் டர்போ. மற்றொன்று, பின் அச்சில் அமைந்து, பட்டறைகளில் ‘கிரவுன், பினியன்’ என்று வழங்கப்பெறும் பல்சக்கர இணை. முன்னதைப் பெரிதாக வாங்கினால் குதிரைத் திறன் கூடும் என்றும், பின்னதை மாற்றினால் உச்ச வேகம் கூடும் என்றும் பொதுவாக நம்பப்படுகிறது. இரண்டும் பாதி உண்மைகளே. இவ்விரண்டையும் வெவ்வேறு வேளைகளில், வெவ்வேறு மனிதரின் சொற்கேட்டு, ஒன்றை மற்றதோடு ஒப்பிடாமல் தேர்ந்தெடுக்கும் பழக்கம் பல நல்ல வண்டிகளைக் கெடுத்திருக்கிறது. டர்போவும் பின் அச்சு விகிதமும் ஒரே கணக்கின் இரு பகுதிகள். அக்கணக்கை வண்டி ஓட வேண்டிய சாலையிலிருந்தே தொடங்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

சாலையே முதற்கணக்கு

இதற்குத் திருவனந்தபுரத்தைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. இந்நகரின் வழியே செல்லும் 66-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை வடக்கே கொல்லத்தையும் தெற்கே கன்னியாகுமரியையும் இணைக்கிறது. அதில் வண்டி நெடுந்தூரம் ஏறத்தாழ ஒரே வேகத்தில் ஓடலாம். இதே நகரிலிருந்து நெடுமங்காடு, விதுரை, கல்லாறு வழியாகப் பொன்முடிக்குச் செல்லும் சாலையோ வேறு வகையானது. கல்லாற்றைக் கடந்தபின் 22 கொண்டை ஊசி வளைவுகள் வருகின்றன. பொன்முடி கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே ஒரு வளைவில் வேகம் மணிக்கு 20 அல்லது 25 கிலோமீட்டராகக் குறையும். பின்னர் சிறிது தூரம் ஏற்றம். வேகம் கூடுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். ஒரே நகரத்து வண்டிக்கு இரு சாலைகள் இருவேறு பணிகளை இடுகின்றன.

வண்டிக்கும் ஓர் எடுத்துக்காட்டு வேண்டும். இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்து 2002 வரை விற்பனையில் இருந்த காண்டெஸ்ஸா இன்றும் பழைய வண்டிகளில் பற்றுடையோர் விரும்பும் கார். அதன் எஞ்சின் முன்னே இருக்க, ஆற்றல் பின் அச்சுக்குச் செல்கிறது. பிற்காலத்தில் அதில் பொருத்தப்பட்ட இசுசு பெட்ரோல் பொறியின் கொள்ளளவு 1,817 கன சென்டிமீட்டர். இதனைப் போன்ற ஒரு காரையே கீழ்வரும் கணக்குகளுக்கு மனத்தில் கொள்ளலாம். கணக்கு எளிமையாக இருக்கும் பொருட்டு, பொறியின் கொள்ளளவு 1.8 லிட்டர், அதன் மேல் வரம்பு நிமிடத்துக்கு 5,000 சுழற்சி, டயர் ஒரு முறை உருண்டால் செல்லும் தூரம் 1.9 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முதற் கியரின் விகிதம் 3.5, இரண்டாவது 2.0, மூன்றாவது 1.4, நான்காவது நேர் கியர் என்றும் கொள்வோம்.

டர்போ செய்வது என்ன?

பொறியின் ஆற்றல் அது உட்கொள்ளும் காற்றின் எடையைப் பொறுத்தது. காற்று எவ்வளவோ அதற்கேற்பவே எரிபொருளும் எரியும். நான்கு வீச்சுப் பொறி இரண்டு சுழற்சிக்கு ஒரு முறை தன் கொள்ளளவை நிரப்பிக்கொள்கிறது. ஆகவே 1.8 லிட்டர் பொறி 5,000 சுழற்சியில் நிமிடத்துக்கு 4,500 லிட்டர் காற்றை இழுக்க வேண்டும். நடைமுறையில் அதில் ஐந்தில் நான்கு பங்கே உள்ளே செல்வதாகக் கொண்டால் 3,600 லிட்டர். திருவனந்தபுரத்தின் 30 பாகை சென்டிகிரேடு வெப்பத்தில் ஒரு லிட்டர் காற்றின் எடை சுமார் 1.16 கிராம். எனவே பொறி நிமிடத்துக்குச் சுமார் 4.2 கிலோகிராம் காற்றை உட்கொள்கிறது.

வெளியேறும் வாயுவில் வீணாகும் ஆற்றலைக் கொண்டு ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரத்தால் உட்செல்லும் காற்றை அமுக்குவதே டர்போவின் வேலை. அது காற்றழுத்தத்தை 1.6 மடங்காக்குகிறது எனின், காற்றின் எடையும் 1.6 மடங்காகிவிடும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் அமுக்கப்பட்ட காற்று சூடேறுகிறது. அமுக்கியின் திறமை நூற்றுக்கு எழுபது என்று கொண்டால், 30 பாகையில் நுழைந்த காற்று ஏறத்தாழ 92 பாகையில் வெளிவரும். சூடான காற்று விரிவடைவதால் எடை 1.33 மடங்கே ஆகும். அதாவது நிமிடத்துக்குச் சுமார் 5.5 கிலோகிராம். அக்காற்றை ஒரு குளிர்விப்பான் வழியே செலுத்தி 50 பாகைக்குக் கொண்டுவந்தால் எடை 1.5 மடங்காகி, 6.3 கிலோகிராமை நெருங்கும். அழுத்தமானியின் முள்ளைக் காட்டிப் பெருமை கொள்வோர் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை. வெப்ப நாட்டில் பெரிய டர்போவுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியை நல்ல குளிர்விப்பானுக்குச் செலவிடுவது அறிவுடைமை. சூடான காற்று பெட்ரோல் பொறியில் நேரத்துக்கு முன்பே தீப்பற்றித் தட்டொலியை உண்டாக்கும். அத்தட்டொலி நீடித்தால் பிஸ்டன் உடையும்.

மலையின் உயரமும் இங்கே கணக்கில் சேரும். பொன்முடியின் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் உள்ளதைவிட ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத பொறி அந்த அளவுக்கு ஆற்றலை இழக்கும். டர்போ உள்ள பொறி அவ்விழப்பைப் பெரும்பாலும் ஈடுசெய்துகொள்ளும். டர்போவின் உண்மையான பெருமைகளுள் இது ஒன்று.

வரம்பும் தாமதமும்

டர்போ எந்நேரமும் வேலை செய்வதில்லை. பொறி குறிப்பிட்ட சுழற்சியை அடைந்த பின்னரே, சக்கரத்தைப் போதிய வேகத்தில் சுழற்றும் அளவு வாயு வெளிவரும். இதனை டர்போவின் தொடக்க வரம்பு எனலாம். அவ்வரம்பைக் கடந்த நிலையிலும், ஓட்டுநர் மிதியை அழுத்திய கணத்துக்கும் அழுத்தம் ஏறும் கணத்துக்கும் இடையே சிறிது காலம் கழிகிறது. சக்கரம் நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுழற்சிகளுக்கு மேல் ஏற வேண்டியிருப்பதே இதற்குக் காரணம். இது தாமதம். வரம்பு சுழற்சியால் அளக்கப்படுவது. தாமதம் நேரத்தால் அளக்கப்படுவது. பட்டறைப் பேச்சில் இவ்விரண்டும் ஒன்றாகவே குழப்பப்படுகின்றன. பின் அச்சு விகிதத்தை மாற்றினால் வரம்பை எந்த வேகத்தில் கடப்போம் என்பது மாறும்; சக்கரம் சுழன்றெழ எடுக்கும் நேரம் அதனால் தீர்ந்துவிடாது.

சிறிய டர்போ 1,800 சுழற்சியிலேயே அழுத்தம் தரத் தொடங்கும். ஆனால் மேல் வரம்பை நெருங்கும்போது மூச்சுத் திணறும். பெரிய டர்போ 3,000 சுழற்சி வரை உறங்கும். விழித்தபின் மிகுந்த காற்றைத் தரும். எந்த டர்போவுக்கும் இவ்விரு குணங்களையும் ஒருசேரத் தர இயலாது. இவ்வெண்கள் எடுத்துக்காட்டுக்காகக் கொள்ளப்பட்டவை எனினும் வேறுபாட்டின் இயல்பு இதுவே.

பின் அச்சு செய்வது என்ன?

பின் அச்சு விகிதம் 4.1 எனின், தண்டு 4.1 முறை சுழன்றால் சக்கரம் ஒரு முறை சுழலும். நேர் கியரில் மணிக்கு 80 கிலோமீட்டர் செல்லும்போது பொறி 2,877 சுழற்சியில் ஓடும். விகிதத்தை 3.5 ஆக்கினால் அதே வேகத்துக்கு 2,456 சுழற்சி போதும். ஒரு மணி நேரப் பயணத்தில் 25,000-க்கு மேற்பட்ட சுழற்சிகள் மிச்சமாகின்றன. ஓசையும் தேய்மானமும் குறையும். நெடுஞ்சாலைக்கு இது நல்லது.

ஆனால் இதற்கு விலை உண்டு. 4.1-லிருந்து 3.5-க்கு மாறும்போது ஒவ்வொரு கியரிலும் சக்கரத்தின் இழுவிசை நூற்றுக்குப் பதினைந்து பங்கு குறைகிறது. பெறும் வேகத்துக்கு ஈடாக இழுவை கைவிடப்படுகிறது. பல்சக்கரம் ஆற்றலை உண்டாக்குவதில்லை, உள்ளதைப் பங்கிடுவதோடு சரி.

இன்னொன்றையும் நினைவிற்கொள்ள வேண்டும். பின் அச்சு விகிதம் எதுவாயினும் கியர்களுக்கு இடையே உள்ள இடைவெளி மாறுவதில்லை. 5,000 சுழற்சியில் முதற் கியரிலிருந்து இரண்டாவதற்கு மாற்றினால் பொறி 2,857 சுழற்சிக்கு இறங்கும். இரண்டாவதிலிருந்து மூன்றாவதற்கு மாற்றினால் 3,500-க்கு இறங்கும். பின் அச்சில் 4.1 இருந்தாலும் 3.5 இருந்தாலும் இவ்வெண்கள் இவையே. ஆகவே 3,000 சுழற்சியில் விழிக்கும் பெரிய டர்போ, முதல் மாற்றத்திலேயே உறக்கத்துக்குத் திரும்பிவிடும். பின் அச்சைத் திருத்தி இக்குறையைப் போக்க முயல்வது வீண் செலவு.

இரண்டும் சந்திக்கும் இடம்

இப்போது பொன்முடிச் சாலையின் ஒரு வளைவுக்குச் செல்வோம். வண்டி இரண்டாவது கியரில் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் வளைவிலிருந்து வெளிவருகிறது. நான்கு இணைகளை ஒப்பிடலாம்.

சிறிய டர்போவும் 4.1 விகிதமும் உள்ள வண்டியில் அப்போது பொறி 1,800 சுழற்சியில் இருக்கும். வளைவு முடியும் இடத்திலேயே அழுத்தம் எழத் தொடங்கும். சிறிய டர்போவும் 3.5 விகிதமும் எனில், 29 கிலோமீட்டர் வேகத்தில் அழுத்தம் எழும். அதுவரை மாற்றாத வண்டியைவிடச் சற்றுத் தளர்வாக இருக்கும். அதன்பின் டர்போ முறுக்கு விசையை நூற்றுக்கு முப்பது பங்கு கூட்டுவதாகக் கொண்டால், விகிதத்தால் இழந்ததைக் கழித்தும் பத்துப் பங்குக்கு மேல் இலாபம் உண்டு. பெரிய டர்போவும் 4.1-உம் எனில், 42 கிலோமீட்டர் வரை காத்திருக்க வேண்டும். பெரிய டர்போவும் 3.5-உம் எனில், 49 கிலோமீட்டரை எட்டும்வரை டர்போவின் பயன் கிட்டாது.

இறுதியாகச் சொன்ன இணையே பலரால் விரும்பப்படுவது. காகிதத்தில் அதுவே மிகப் பெரிய குதிரைத் திறனையும் மிகப் பெரிய உச்ச வேகத்தையும் காட்டும். ஆனால் 25 கிலோமீட்டருக்கும் 49 கிலோமீட்டருக்கும் இடையே அவ்வண்டிக்கு டர்போவின் துணையும் இல்லை, பழைய பல்விகிதத்தின் இழுவையும் இல்லை. தட்டொலியைத் தவிர்க்கும் பொருட்டுப் பொறியின் அமுக்க விகிதத்தையும் குறைத்திருந்தால் நிலைமை மேலும் மோசம். 49 கிலோமீட்டரை எட்டுவதற்குள் பெரும்பாலும் அடுத்த வளைவு வந்துவிடும். மிகுந்த பொருள் செலவிட்டு மாற்றிய வண்டி, எந்த மாற்றமும் செய்யாத அதே வண்டிக்குப் பின்னால் மலையேறும். தனித்தனியே நல்லவையான இரு பொருள்கள் சேர்ந்து ஒரு தீமையாவது இவ்வாறுதான்.

இதற்கு மறுதலையான தவறும் உண்டு. தாமதத்தைப் போக்குவதாக எண்ணிப் பின் அச்சு விகிதத்தை மிக உயர்த்திவிடுவோர் உளர். அப்போது கீழ்க் கியர்களில் பொறி சுமையின்றி விரைந்து மேல் வரம்பை எட்டும். டர்போ எழுவதற்கு வேண்டிய நேரமும் சுமையும் கிடைப்பதற்குள் கியரை மாற்ற வேண்டி வரும். எழுந்துவிட்டாலோ, டயரின் பிடிப்பை மீறிச் சக்கரம் வழுக்கும். மழைக்காலத்து மலைச்சாலையில் இது விளையாட்டன்று.

வரலாறு காட்டும் பாடம்

சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி 1905-ஆம் ஆண்டில் இவ்வமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். 1918-இல் அமெரிக்காவில் சான்ஃபோர்டு மாஸ் என்பவர் ஒரு விமானப் பொறியைப் பைக்ஸ் சிகரத்தின் மேல் ஏற்றிச் சோதித்து, மெல்லிய காற்றில் இழந்த ஆற்றலை டர்போவால் மீட்கலாம் என்று காட்டினார். அதாவது இக்கருவி முதலில் புகழ் பெற்றதே, ஒரு குறிப்பிட்ட இடத்தின் குறையைத் தீர்த்ததால்தான்.

கார்களில் இது 1962-இல் அமெரிக்காவில் நுழைந்தது. ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயர் என்ற கார், தட்டொலியைத் தடுக்க நீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தை உரிமையாளர் நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தது. பலர் நிரப்பவில்லை, அக்கார் விரைவில் விற்பனையிலிருந்து மறைந்தது. வண்டியைப் பயன்படுத்துவோரின் பழக்கத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதற்கு அது சான்று.

1975-இல் விற்பனைக்கு வந்த போர்ஷே 911 டர்போ 260 குதிரைத் திறன் கொண்டது. ஆனால் அதற்கு நான்கு கியர்களே இருந்தன. கியர்களின் இடைவெளி அகலமாக இருந்ததால் அழுத்தம் திடீரென்று எழுவதும் அடங்குவதும் ஓட்டுநரின் கைத்திறனைச் சோதித்தன. 1989-இல்தான் அதற்கு ஐந்து கியர் பெட்டி கிடைத்தது.

பந்தயத்திலும் இதே பாடம்தான். 1977-இல் ரெனோ நிறுவனம் 1.5 லிட்டர் டர்போப் பொறியுடன் ஃபார்முலா 1 பந்தயத்தில் இறங்கியபோது, அடிக்கடி புகை கக்கி நின்ற அந்த வண்டியை ‘மஞ்சள் தேநீர்க் கெண்டி’ என்று எள்ளினர். 1979-இல் அந்நிறுவனம் ஒரு பெரிய டர்போவுக்குப் பதிலாக இரண்டு சிறிய டர்போக்களைப் பொருத்தியது. அவ்வாண்டு ஜூலையில் டிஜோன் நகரில் ழான் பியர் ழாபூய் வெற்றி பெற்றார். டர்போப் பொறி ஃபார்முலா 1-இல் பெற்ற முதல் வெற்றி அது. உலகின் தலைசிறந்த பந்தய நிபுணர்களே பெரிதிலிருந்து சிறிதுக்கு வந்தபின்தான் முன்னேறினர்.

நம் நாட்டிலும் ஒப்பீட்டுக்கு இடம் உண்டு. சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டை ஓடுதளம் சுமார் 3.7 கிலோமீட்டர் நீளமுடையது. எஸ். கரிவரதன் பெயரால் கோயம்புத்தூரில் அமைந்த கரி ஓடுதளம் அதைவிட மிகக் குறுகியது. விதிகள் இடம் தரும் பந்தயங்களில் ஓடுதளத்துக்கேற்பப் பல்விகிதத்தை மாற்றுவது உலகெங்கும் உள்ள வழக்கம். பந்தயக்காரன் ஓடுதளத்தைப் பார்த்தபின் பல்லைத் தேர்கிறான். சாலையில் ஓட்டுபவனோ பல்லை வாங்கியபின் சாலையைப் பார்க்கிறான்.

பொன்முடிக்குச் செல்லும் வழியிலேயே, நெடுமங்காட்டுக்கு அருகில் வலியமலையில், இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் திரவ உந்து அமைப்பு மையம் இருக்கிறது. ராக்கெட்டுகளின் விகாஸ் பொறியிலும் ஒரு சுழலி உண்டு. அது எரிபொருளையும் ஆக்சிகரணியையும் பொறிக்குள் செலுத்தும் பம்புகளைச் சுழற்றுகிறது. அங்கே சுழலியை ஒருவர் விருப்பப்படியும் பம்பை இன்னொருவர் விருப்பப்படியும் வாங்கிப் பொருத்துவதை எவரும் கற்பனைகூடச் செய்யமாட்டார். பொறியின் தேவை முதலில் வகுக்கப்படுகிறது; உறுப்புகள் அதற்கேற்ப ஒன்றோடொன்று பொருத்தி வடிவமைக்கப்படுகின்றன. காருக்கும் அந்த ஒழுங்கு வேண்டும் என்று கேட்பது மிகையாகாது.

எதிர்வாதங்கள்

இக்கருத்துக்கு மறுப்புகள் இல்லாமல் இல்லை. இன்று பெரிதாக வாங்கிவைத்தால், பின்னால் பொறியை வலுப்படுத்தும்போது உதவும் என்பர் சிலர். வளரும் பிள்ளைக்குப் பெரிய சட்டை தைப்பது போன்றது இவ்வாதம். பிள்ளை வளரும், பொறி தானாக வளராது. அதுவரை கழியும் ஆண்டுகளெல்லாம் பொருந்தாத சட்டையோடுதான் கழியும்.

சுழலியின் உள்ளிதழ்கள் கோணத்தை மாற்றிக்கொள்ளும் புதிய டர்போக்கள் வந்துவிட்டனவே, இனி இக்கணக்கு எதற்கு என்று கேட்பாரும் உண்டு. அவை தொடக்க வரம்பைக் கீழே இறக்குகின்றன என்பது உண்மையே. டீசல் பொறிகளில் அவை பரவலாகிவிட்டன. பெட்ரோல் பொறியின் வாயு மிகுந்த வெப்பமுடையதாகையால் அதில் அவற்றைப் பயன்படுத்துவது கடினமும் செலவும் உடையது. எவ்வாறாயினும் வரம்பு இறங்குமேயன்றி இல்லாமற் போகாது. எண்கள் மாறும், கணக்கிடும் முறை மாறாது.

தொழிற்சாலையே டர்போ பொருத்திய வண்டிகளில் பின் அச்சு விகிதம் குறைவாக உள்ளதே, ஆகவே அதுவே சிறந்தது அன்றோ என்பது மூன்றாவது வாதம். தொழிற்சாலை அவ்வாறு செய்வது, தாழ்ந்த சுழற்சியிலேயே முறுக்கு விசை தரும் டர்போவை அதனோடு இணைத்திருப்பதால். இணையில் ஒன்றை மட்டும் பின்பற்றுவது பின்பற்றுதல் ஆகாது.

ஏறியவன் இறங்க வேண்டும்

ஆற்றலைப் பற்றிய பேச்சில் மறக்கப்படுவது இறக்கம். 1,200 கிலோகிராம் எடையுள்ள கார் 1,000 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், 40 லிட்டர் நீரை 30 பாகையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. அவ்வெப்பத்தின் பெரும்பகுதியைப் பிரேக்கும் பொறியுமே தாங்க வேண்டும். தாழ்ந்த கியரில் இறங்கினால் பொறியே வண்டியை ஓரளவு பிடித்து நிறுத்தும். பின் அச்சு விகிதத்தைக் குறைத்தால் அதே வேகத்தில் பொறியின் சுழற்சி குறைந்து, அந்தப் பிடிப்பும் குறையும். சுமை பிரேக்கின் மேல் விழும். சூடேறிய பிரேக்கு பிடிக்காமற்போவது மலைச்சாலை ஓட்டுநர் அனைவரும் அறிந்த ஆபத்து. டர்போவுக்குப் பணம் ஒதுக்கியவர் பிரேக்குக்கும் டயருக்கும் ஒதுக்கவில்லையெனில் அவர் பாதி வண்டியைத்தான் திருத்தியிருக்கிறார்.

வேகமானியும் பொய் சொல்லும். கியர் பெட்டியின் தண்டிலிருந்து இயங்கும் பழைய வேகமானி, பின் அச்சு விகிதம் மாறியதை அறியாது. 4.1-ஐ 3.5 ஆக்கினால், வண்டி உண்மையில் 80 கிலோமீட்டரில் செல்லும்போது முள் 68-ஐக் காட்டும். ஓட்டுநர் நிதானமாகச் செல்வதாக நம்பிக்கொண்டே விரைந்துகொண்டிருப்பார்.

சட்டத்தையும் மறத்தல் ஆகாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து வேறுபடும் வகையில் வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதனை வலியுறுத்தியது. ஆகவே பொதுச் சாலையில் ஓடும் வண்டியில் கைவைக்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிவது கடமை. வேகத்தையே நாடுவோர்க்குரிய இடம், உரிய அனுமதியோடு நடைபெறும் பந்தய ஓடுதளமே. பொன்முடிச் சாலையில் அரசுப் பேருந்துகளும் நடந்து செல்வோரும் உளர். அது எவர்க்கும் ஓடுதளம் அன்று.

தேர்வின் ஒழுங்கு

மேற்கூறியவற்றிலிருந்து ஓர் ஒழுங்கு தானே அமைகிறது. முதலில், வண்டி எந்தச் சாலையில், எந்த வேகங்களில், எந்தக் கியரில் பெரும்பாலும் ஓடும் என்று எழுதிக்கொள்ள வேண்டும். அடுத்து, டயரின் சுற்றளவைக் கொண்டு அவ்வேகங்களைப் பொறியின் சுழற்சிகளாக மாற்ற வேண்டும். மூன்றாவதாக, அச்சுழற்சிகளுள் மிகத் தாழ்ந்ததற்கும் கியர் மாற்றும்போது இறங்கும் சுழற்சிக்கும் கீழே தொடக்க வரம்பு உள்ள டர்போவைத் தேட வேண்டும். நான்காவதாக, அந்த டர்போ தரும் முறுக்கு விசையை வைத்துப் பின் அச்சு விகிதத்தை முடிவுசெய்ய வேண்டும். இறுதியாகப் பிரேக்கு, டயர், வேகமானி, சட்டம் ஆகியவற்றைச் சரிபார்க்க வேண்டும். குதிரைத் திறன் இவ்வரிசையின் முடிவில் கிடைக்கும் விளைவு. தொடக்கத்தில் வைக்கும் குறிக்கோள் அன்று.

இவ்வொழுங்கின்படி நோக்கினால், மலைச்சாலையில் மிகுதியாக ஓடும் வண்டிக்குச் சிறிய டர்போவும் 4.1 விகிதமும் தகும். நெடுஞ்சாலையிலேயே பெரும்பாலும் ஓடுவதற்குச் சிறிய டர்போவும் 3.5-உம் தகும். இரண்டிலும் ஓட வேண்டிய திருவனந்தபுரத்து வண்டிக்கு இடைப்பட்ட விகிதமே நடுநிலை. பெரிய டர்போவுக்கு இச்சாலைகளில் இடமே இல்லை.

களப்பணியாளர்கள் நாள்தோறும் மலைச்சாலைகளில் வண்டியோட்டுகின்றனர் அல்லது வண்டியில் செல்கின்றனர். அவர்கள் தம் வண்டியின் பின் அச்சு விகிதத்தையும் ஒவ்வொரு கியரிலும் 20, 40, 60 கிலோமீட்டருக்குரிய சுழற்சியையும் ஒரு சிறு அட்டையில் எழுதி வைத்துக்கொண்டால், எந்த இறக்கத்தில் எந்தக் கியர் என்ற ஐயம் தீரும். ஆசிரியர்களுக்கோ இது கைவந்த பாடம். விகிதம், சுற்றளவு, வாயுக்களின் விதி, நிலையாற்றல், உராய்வு ஆகிய யாவும் ஒரே வண்டியில் அடங்கியுள்ளன. வேகத்தின்மேல் ஆசை கொண்ட மாணவனை அறிவுரையால் திருத்துவது கடினம். பென்சிலும் தாளும் கொடுத்து, தான் விரும்பும் பெரிய டர்போ எந்த வேகத்தில் விழிக்கும் என்று அவனையே கணக்கிடச் சொன்னால், விடையை அவனே காண்பான். அவ்வாறு கண்ட விடையை அவன் பட்டறைக்குச் சென்ற பிறகும் மறக்கமாட்டான்.